பெடலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தவருக்கு

ஹட்டனில் போன ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இல்லாதவர்களுக்கும் இதற்குள் காணொளி போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் "மூத்தவர்தானே, தமாஷுக்குச் சொன்னார், பெரிதாக்காதீர்கள்" என்று எனக்கே புத்தி சொல்ல ஆட்கள் கிளம்பிய பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மூத்த கிட்டார் வாசிப்பாளர் ஒருவர், வாசிக்க நின்ற தோட்டத்துப் பையனின் காலடியில் கிடந்த பெடலை, காலால் மிதித்துக் கிட்டார் ஒலியை மாற்றும் அந்தச் சின்னப் பெட்டியை, தூக்கிச் சபைக்குக் காட்டி, ஒலிவாங்கியில், "இதை வைத்துக்கொண்டா ஹென்ட்ரிக்ஸ் வாசிக்கப் போகிறாய்?" என்று கேட்பது எந்த ஊரில் தமாஷ்?

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய வாசிப்பின் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. என் வருத்தமெல்லாம், அறுபதுகளின் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸைப் பற்றி அவ்வளவு பேசுகிறவர் ஹென்ட்ரிக்ஸின் கதையைச் சரியாகக் கேட்கவே இல்லையே என்பதுதான். அவர் வாசித்த, ஒலியைக் கிழித்துக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடல் லண்டனில் 1966 இல் வெளிவந்தது. ஹென்ட்ரிக்ஸ் லண்டனுக்குப் போனதும் அதே வருடம். அவர் காலால் மிதித்தது யாரோ அலமாரியில் பூட்டிப் பாதுகாத்த பழம்பொருளை அல்ல. அப்போதுதான் கடைக்கு வந்த, உள்ளே இரண்டே இரண்டு டிரான்சிஸ்டர் கொண்ட ஒரு வட்டப் பெட்டியை. நம்மவர்கள் கும்பிடுகிற மனிதர்களில் ஒருவர்கூட நம்மவர்கள் கும்பிடுகிற பொருளைத் தேடி அலையவில்லை. கைக்குக் கிடைத்ததை வைத்து வாசித்தார்கள். இதை நான் இன்னும் பலமுறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கிட்டார் வாசிப்பாளர் லிங்க் ரே 1958 இல், ஒலியைப் பெருக்கும் தன் அம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் துளை போட்டுத்தான் அந்தக் கிழிந்த ஒலியை எடுத்தார். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964 இல் ஒரு சின்ன அம்ப்பின் ஸ்பீக்கரைப் பிளேடால் கீறினார். அதற்கும் முன்னால், 1961 இல் வெளிவந்த பாட்டொன்றுக்காக, நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் ஒலிக்கலவை மேசையின் பழுதாகிப்போன ஒரு சேனல் வழியாக கிரேடி மார்ட்டினின் கிட்டார் வாசிப்பு பதிவாயிற்று; அந்தப் பழுதைப் பெட்டிக்குள் பிடித்து வைக்கும் முயற்சியில்தான் 1962 இல் முதல் ஃபஸ் பெடல் சந்தைக்கு வந்தது. இரும்புத் தகட்டுத் தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்த பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி, பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். குவீன் குழுவின் பிரையன் மே தன் தந்தையோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கிட்டார் கழுத்தைச் செதுக்கினார். இவர்களில் யாரையாவது மேடையில் நிறுத்தி, "இதை வைத்துக்கொண்டா?" என்று கேட்டிருப்பீர்களா, ஐயா?

கேட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து குளோன் சென்டார் என்ற பெடலின் கதைக்கு வருவோம், ஏனென்றால் அன்று பெடலைக் கீழே வைத்த பிறகும் அவர் அதைப் பற்றித்தான் பேசினார். அமெரிக்காவில் பில் ஃபின்னகன் என்பவர் 1994 முதல் கிட்டத்தட்ட 8,000 பெடல்களைக் கையாலேயே செய்து விற்றார். உள்ளே இருக்கும் மின்சுற்றை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மேலே கறுப்புப் பிசினை ஊற்றி மூடினார். இன்று ஒன்றின் விலை பல ஆயிரம் டொலர், நம் காசில் பத்து இலட்சத்தைத் தாண்டும். தோட்டத் தொழிலாளருக்கு 2024 இல் தீர்மானித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், அந்தத் தம்பியின் தாயார் ஒரு நாள் லீவு இல்லாமல், ஒரு வாய் சோறும் இல்லாமல், இரண்டு வருடத்துக்கு மேல் பெரட்டுக்குப் போய் வேலை செய்தால் ஒரு பெடல் வாங்கலாம். பிசினைச் சுரண்டிச் சுற்றை வரைந்து இணையத்தில் போட்டுப் பல வருடங்களாகிவிட்டன. அதே சுற்றை இன்று யாரும் சில ஆயிரம் ரூபாய்க்குள் செய்யலாம். இதில் மிகச் சுவையான செய்தி, ஃபின்னகன் பின்னர் கொண்டுவந்த கே.டி.ஆர் பெடலின் மேலேயே, இத்தனை பேருக்கு எரிச்சலூட்டும் இந்த அபத்தமான ஆரவாரம் தான் உண்டாக்கியதல்ல என்று அச்சடித்துவிட்டார் என்பது. செய்தவருக்கே வெட்கமாக இருக்கிறது. பூசாரிகளுக்கு மட்டும் இல்லை.

"பழைய பெடலின் ஒலி வேறுதானே, அதை மறுக்கிறாயா?" என்று கேட்பீர்கள். மறுக்கவில்லை. பழைய ஃபஸ் பெடல்களுக்குள் இருக்கும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் ஒலிக்கு நானும் அடிமை. கிட்டாரின் வொல்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் அது எப்படித் தெளிகிறது என்பதை நுவரெலியாக் குளிரில் வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே பெடலைக் கொழும்பு வெயிலில் வைத்தால் உள்ளே மின்கசிவு கூடி, ஒலி கம்மித் தடுமாறும். ஒரே பெயர் பொறித்த பெடல்கள்கூட ஒன்றைப்போல் ஒன்று ஒலிப்பதில்லை, ஏனென்றால் அந்தக் காலத்து ஜெர்மானியம் அவ்வளவு ஒழுங்கீனமானது. இதைத் தெரிந்துவைத்திருப்பது அறிவு. தெரியாதவனைச் சபையில் வைத்துச் சிரிப்பது வேறு.

என் தாய்மாமா டிக்கோயாப் பக்கம் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். லயத்துக் காம்பராக்களில் இலங்கை வானொலியைப் பாடவைத்த டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் வேலை செய்யாமல் போனால் அவருடைய மேசைக்குத்தான் வரும். அவற்றில் பலவற்றின் உள்ளே, ஸ்பீக்கரை ஓட்டும் இடத்தில், வெள்ளி நிறத் தொப்பி போட்டாற்போல ஏசி 128 டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக நிற்கும். இன்று ஃபஸ் பெடல் செய்கிறவர்கள் உலகெங்கும் தேடுகிற அதே ஏசி 128. மாமா அதில் இரண்டைக் கழற்றி, ஒரு பால்மா டின்னுக்குள் எனக்கு முதல் ஃபஸ் பெட்டியைச் செய்து தந்தார். ஈயத்தால் பற்றவைக்கும்போது டிரான்சிஸ்டரின் காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொள்ளச் சொல்வார். சூடு குறடுக்குப் போக வேண்டும், உள்ளே போனால் ஜெர்மானியம் செத்துவிடும். ஈயம் உருகிப் பளபளத்து அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஹென்ட்ரிக்ஸ் என்ற பெயரை மாமா கேள்விப்பட்டதேயில்லை. சுற்று வரைபடம் ஒரு பழைய மின்னணு சஞ்சிகையில் இருந்தது, அவ்வளவுதான். அந்த டின்னோடுதான் தேர்த் திருவிழா மேடைகளில் வாசித்தேன். ஒருவரும் டின்னைத் தூக்கிக் காட்டவில்லை.

கொழும்பில் காட்டினார்கள். ஒரு மண்டபத்தில் சவுண்ட் பார்த்தவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தோட்டமா?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என் கிட்டாரின் சேனலை மட்டும் கடைசிவரை ஏற்றவில்லை.

ஆகவே "உனக்குப் பொறாமை" என்று எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். பெடலைப் பற்றிய பேச்சு என்றால் பெடலைப் பற்றியே பேசுவேன். ஆனால் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து "இதை வைத்துக்கொண்டா" என்று கேட்கும்போது அந்த "இது" வெறும் பெடல்தானா? உடுப்பைப் பார்த்து, பேச்சைப் பார்த்து, பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் அது. பெடல் கைக்கு வாகாக இருந்தது. இந்தக் கேள்வியை வெளியார் கேட்டால் பழகிப்போய்விட்டது. இதே மலையில் பிறந்து, இரவல் கிட்டாரில் படித்து, பிறகு நகரத்துக்குப் போன ஒருவர் கேட்பதுதான் பொறுக்கவில்லை.

"அப்படியானால் தரத்தைப் பற்றியே பேசக் கூடாதா? அந்தப் பையனின் பெடல் இரைந்ததே" என்பது இன்னொரு கேள்வி. இரைந்தது உண்மை. இரைந்தது பெடல் அல்ல, அடாப்டர். கிடைத்த மலிவு அடாப்டரைச் செருகினால் எந்தப் பெடலும் அப்படித்தான் சிணுங்கும், உங்கள் பத்து இலட்சப் பெடலும் சேர்த்து. இடைவேளையில் நான் மேடைக்குப் பின்னால் போய் அடாப்டரைக் கழற்றிவிட்டு ஒரு 9 வோல்ட் பற்றரியைப் போட்டுக் கொடுத்தேன், இரைச்சல் நின்றது. இரண்டாவது பாட்டு உங்களுக்கும் சுத்தமாகத்தான் கேட்டிருக்கும். வோல்டேஜிலும் வயரிலும் அவ்வளவு வித்தியாசம் கேட்கிற காது என்று சொல்லிக்கொள்கிறவர், அடாப்டர் இரைச்சலையும் பெடல் இரைச்சலையும் பிரித்தறியாமல் ஒலிவாங்கியைத் தூக்கியது ஏன் என்று நானும் யோசித்துக்கொண்டேயிருக்கிறேன். மூத்தவர் செய்யக்கூடிய காரியம் அதுதானே? ஒரு பற்றரி. அதற்கு எவ்வளவு செலவு?

இனி இதைப் பற்றி உள்பெட்டியில் வந்து சமாதானம் பேச வேண்டாம். அந்தத் தம்பியிடம் போய்ப் பேசுங்கள். மாமாவின் கடையிலிருந்து வந்த ஏசி 128 டிரான்சிஸ்டர்கள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன, கசிவு பார்த்துப் பொறுக்கி வைத்திருக்கிறேன். ஃபஸ் செய்து பார்க்க ஆசைப்படுகிற தோட்டத்துப் பிள்ளைகள் எழுதினால் ஜோடியாகத் தருகிறேன், பற்றவைக்கவும் சொல்லித் தருகிறேன். விலை கேட்டு வருகிற சேகரிப்பாளர்களுக்குப் பதில் போட மாட்டேன்.