கச்சான் காலத்தில கான் ஏன் ஓடுது?

போன சனிக்கிழமை நடந்த கடற்கரைத் துப்புரவைப் பற்றி எழுதக்கூடாதெண்டுதான் இருந்தன். அண்டைக்கு எடுத்துப் போட்ட படத்துக்குக் கீழ நான் கேட்ட ஒற்றைக் கேள்விக்கு விழுந்த பேச்சைப் பாத்த பிறகு பேசாம இருக்க ஏலாமப் போச்சு.

பிளாஸ்டிக் போத்தல் பொறுக்கினது நல்ல காரியம். டீசேட்டும் நல்ல வடிவு. படத்தில உங்களுக்குப் பின்னால கான் வாயால கறுப்பா ஓடிக் கடலுக்க விழுதே, அது என்ன தண்ணி எண்டுதான் கேட்டன். திருகோணமலைக்குப் பெருமழை ஐப்பசிக்குப் பிறகு. இப்ப கச்சான் காத்து அடிக்குது, புழுதி பறக்குது. மழைத்தண்ணிக்குக் கட்டின கான் இப்ப ஓடுதெண்டா யாரோ எதையோ விடுகினம். இதுக்குப் பட்டப்படிப்பு வேணுமே?

"கந்தோருக்குப் போய்ச் சொல்லு" எண்டு ஒருத்தர். சொன்னன் ஐயா. "எந்த வீடு, எந்தக் கடை எண்டு தெரியாம என்ன செய்யிறது தம்பி?" எண்டு கேட்டினம். அதைத்தானே நாங்க கண்டுபிடிக்கோணும் எண்டுறன்! கான் வாயில இருந்து மதகு மதகா மேல நடவுங்கோ. ஓடுற மதகுக்கும் காஞ்ச மதகுக்கும் இடையிலதான் குழாய் இருக்கு. பக்கத்து வீட்டுப் பெடியனோட நான் நடந்தன். ஒரு சிலாப்புக்குக் கீழ வெள்ளை நுரை, சவர்க்கார மணம். கடையில கள்ளநோட்டுப் பாக்கிற லைட்டில தானா மின்னாத பஞ்சாப் பாத்து ஒரு துண்டை அந்தத் தண்ணிக்க கட்டித் தொங்கவிட்டு, காயவைச்சு, திரும்ப அந்த லைட்டுக்குக் கீழ பிடிச்சம். நீலமா மின்னிச்சு. உடுப்பை வெள்ளையாக் காட்டத் தோய்க்கிற பவுடரில போடுற ஒளிர் மருந்து அப்பிடித்தான் மின்னும்.

எண்ணெய்ப் படலம் கண்டா தடியால கீறிப் பாருங்கோ. தகடு தகடா உடைஞ்சா அது அநேகமா பக்டீரியா, பயமில்ல. திரும்பி ஒட்டினா ஒயில்.

"ஏழைச் சனத்தைக் காட்டிக் குடுக்கிறியோ?" நியாயமான கேள்வி. கழிவுத்தண்ணிக்குக் குழி வெட்ட இடமில்லாத காணிகள் இருக்கு, அதுக்கு உதவிதான் செய்யோணும், தண்டம் இல்ல. ஆனா வாகன சேவிஸ் நிலையமும் ஏழையோ? அதுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேணும். 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தைப் போய் வாசியுங்கோ.

"அண்ணன் எப்பவும் குறைதான்" எண்டு எழுதினவருக்கு: எங்கட அப்பா வீச்சுவலை எறிஞ்சு எங்களை வளத்தது இந்தக் கரையிலதான். இப்ப அதில காலை வைச்சா கடிக்குது எண்டு மனிசன் போறதேயில்ல. அது உங்களுக்குக் குறை. சரி.

நேற்று குறூப்பில இருந்தும் என்னை எடுத்துப்போட்டினம். எடுங்கோ. அடுத்த சிலாப்பைத் தூக்க அலவாங்கு ஒண்டு வேணும், ஆரிட்டயும் இருந்தா இன்பொக்சில சொல்லுங்கோ.