காதலுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

ரசவாதம் (மட்டமான உலோகத்தைத் தங்கமாக்கும் வித்தை), காதல், வேற்றுலகம் மூன்றும் கலந்த அறிவியல் புனைகதைகள் ஒரு காலத்தில் கையில் கிடைத்தால் விடமாட்டேன். இப்போதெல்லாம் பாதியில் மூடி வைப்பவைதான் அதிகம். முந்நூறு பக்கம் வரை அந்த உலகத்துக்கு ஒரு விதி இருக்கும்: எதைப் பெற்றாலும் ஈடாக ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். நாயகன் ஒரு விரலை இழப்பான், அம்மாவின் முகத்தையே மறந்துபோவான், நாமும் பதறுவோம். கடைசி அத்தியாயத்தில் நாயகி செத்துக் கிடப்பாள். இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவான். அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் எதற்கய்யா அந்த விரல் போனது?

காதல் எந்த விதிக்கும் கட்டுப்படாது என்பார்கள். சரி, ஆனால் ரசவாதத்தில் காதல் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சமாச்சாரம் இல்லை. சித்தர் மரபில் பாதரசம் சிவம், கந்தகம் சக்தி. ஐரோப்பிய ரசவாதிகளும் இந்த இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தார்கள். என்ன, அங்கே கந்தகம்தான் மாப்பிள்ளை, பாதரசம் மணப்பெண். (இந்த இடமாற்றத்தை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.) இரண்டையும் சேர்த்து அரைத்தால் முதலில் வருவது கரிய தூள். அதைச் சூடேற்றிப் பதங்கமாக்கினால் செக்கச்செவேலென்று சாதிலிங்கம். ஓடித் திரிந்த பாதரசமும் அதில் தெரியாது, மஞ்சள் கந்தகமும் தெரியாது. அதையே காற்றுபட வறுத்தால் பாதரசம் திரும்பக் கிடைக்கும், கந்தகமோ புகையாகப் போய்விடும். பிரிவுக்கு இதைவிட நல்ல காட்சியை எந்த நாவலில் படித்தோம்? பாதரசத்துக்கும் சிருங்காரத்துக்கும் 'ரசம்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. நாமே இதைத் தவறவிட்டால் எப்படி?

வேற்றுலகம் என்றால் இரண்டு நிலாவும் ஊதா வானமும் போதும் என்று நினைப்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அதெல்லாம் நாடக மேடையின் படுதா. தங்கம் மஞ்சளாக இருப்பதற்கும் பாதரசம் திரவமாக இருப்பதற்கும் சார்பியல் விளைவு, அதாவது ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க ஒரு பொருளின் நடத்தை மாறுவது, ஒரு முக்கியக் காரணம். அந்தக் கனமான அணுக்களின் உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இருக்கின்றன. ஒளி இப்போதையதைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும் ஓர் உலகத்தை நினைத்துப் பாருங்கள். அந்த விளைவு அங்கே ஏறக்குறைய இல்லாமல் போகும். தங்கம் வெள்ளியைப் போல வெளுத்திருக்கும், பாதரசம் கட்டியாகக் கிடக்கும். பிரிவில் வாடும் தலைவியின் பசலையைப் பொன்னிறம் என்றார்கள் நம் சங்கப் புலவர்கள். அந்த உலகத்தில் அப்படி ஓர் உவமையே பிறந்திருக்காது. வேற்றுலகம் என்றால் இப்படி ஒரு சொல்லாவது இடறி விழ வேண்டும்.

தங்கம் செய்வதும் வெறும் கட்டுக்கதை இல்லை. பாதரசத்தின் அணுக்கருவில் 80 புரோட்டான், தங்கத்தில் 79. 1941-ல் பாதரசத்தின் மீது நியூட்ரான்களை மோதவிட்டு உண்மையிலேயே தங்கம் செய்துவிட்டார்கள். ஆனால் அது கதிரியக்கத் தங்கம். அதில் ஒரு வகை மூன்று நாளுக்குள் பாதி சிதைந்துவிடும். சிதைந்து என்னவாகும் தெரியுமா? மறுபடியும் பாதரசம்!

ஒருவன் இந்தத் தங்கத்தில் காதலிக்கு மோதிரம் செய்கிறான் என்று வையுங்கள். ஒரு வாரத்துக்குள் முக்கால்வாசிக்கு மேல் பாதரசமாகிவிடும். அந்தக் கதிர்வீச்சில் போட்டிருக்கும் விரலும் தப்பாது. தெரிந்தே செய்கிறானா, தெரிந்தே அவள் கை நீட்டுகிறாளா? இந்தக் கதையில் விரல் போனால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

எனக்கு எழுத வராது. யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு. கடைசி அத்தியாயத்தில் கண்ணீர் விட்டு அந்த மோதிரத்தைத் திரும்பத் தங்கமாக்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.