அலுங்காம, ஆனா வேகமா

அடியாபாட்டிக்னா என்னன்னு எங்களுக்கு ரெண்டு கிளாஸ்ல ரெண்டு விதமா சொல்லிக் கொடுத்தாங்க. தெர்மோடைனமிக்ஸ்ல, சைக்கிள் பம்பை வேகமா அமுக்கு, வெப்பம் வெளிய போக நேரமே இருக்காது, அதான் அடியாபாட்டிக். குவாண்டம்ல, அணு மாதிரி ஒண்ணோட சூழலை ரொம்ப ரொம்ப மெதுவா மாத்துனாத்தான் அடியாபாட்டிக், அது தன் நிலையிலயே கலங்காம இருக்கும், 1928ல போர்ன், ஃபோக்னு ரெண்டு இயற்பியலாளர்கள் நிரூபிச்சது. அப்போ வேகமா, மெதுவாவா? இதை யாரும் சேர்த்து வச்சுப் பேசவே இல்ல, எனக்கு அது இன்னைக்கும் ஆதங்கம்தான்.

மெதுவா போறது நோக்கமே கிடையாதுங்க. போய்ச் சேர்றப்ப உள்ள எதுவும் கலங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். மெதுவா போறது அதுக்கு ஒரு வழி, ஆனா அது மட்டுமே வழின்னு மனசுல பதிஞ்சு போச்சு.

ஒரு மீட்டர் நூல்ல சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு கையை வெடுக்குனு நகர்த்துங்க, ஆடும். இப்போ பாதி வேகத்துல கிளம்பி, ஒரு செகண்ட் கழிச்சு முழு வேகத்துக்குப் போங்க (அந்த நீளத்துக்கு ஒரு முழு ஆட்டம் 2 செகண்ட், அதுல பாதி), நூல் நேரா வந்துரும். நிறுத்துறப்பவும் பாதி வேகம், ஒரு செகண்ட், அப்புறம் நிப்பாட்டு. நடுவுல சாயத்தான் செய்யும், ஆனா முடிவுல ஆட்டம் இருக்காது. நான் கை பழகுற வரைக்கும் திரும்பத் திரும்பச் செஞ்சு பார்த்தேன், அது அசையாம நிக்கிறப்ப வர்ற சந்தோஷமே தனி.

இதே யோசனைதான் அணுக்களுக்கும். டெமிர்பிளாக், ரைஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க 2003ல, பெர்ரின்னு ஒரு இயற்பியலாளர் 2009ல, கலக்கத்தை அப்பப்ப ரத்து பண்ற மாதிரி கூடுதலா ஒரு விசை குடுக்கலாம்னு காட்டுனாங்க. 2010ல பிரான்ஸ்ல நீஸ் நகரத்துல ருபிடியம்-87 அணு மேகத்தைப் பிடிச்சு வச்சிருந்த காந்தப் பொறியை 15 மடங்கு தளர்த்துனாங்க, வெறும் 35 மில்லிசெகண்ட்ல! ஒரே சீரா தளர்த்துறதோட ஒப்பிட்டா 37 மடங்கு சீக்கிரம், அதுவும் மேகம் பெருசா குலுங்காம. இன்னும் அவசரப்படுத்துனா கணக்குப்படி, அணுக்களைக் குழி மாதிரி பிடிச்சு வச்சிருக்கிற பொறியே கொஞ்ச நேரம் தலைகீழாகி, குழி இருந்த இடத்துல மேடு வந்து அணுக்களை வெளிய தள்ளணும், அப்புறம் திரும்பப் பிடிக்கணும்.

கார்னோ இன்ஜினுக்கு, அதாவது வெப்பத்தை வேலையா மாத்துறதுல இதைவிடத் திறன் கூட இருக்க முடியாதுன்னு சொல்ற கற்பனை இன்ஜினுக்கு, அந்த உச்சபட்ச திறன் கிடைக்கணும்னா முடிவே இல்லாத மெதுவா ஓடணும், பவர் பூஜ்யம், அதை வச்சு என்ன பண்றது? அதனாலதான் குவாண்டம் இன்ஜின், அதாவது அணுக்களை வச்சு ஓட்டுற இன்ஜின் பத்தி எழுதுறவங்க இந்தக் குறுக்குவழியைப் பிடிச்சுக்கிறாங்க, நியாயம்தான். ஆனா சிலர் திறனும் குறையல பவரும் கிடைச்சிருச்சுன்னு எழுதுறப்ப எனக்குக் கோவம் வருது. நேரத்தைக் குறைக்கக் குறைக்க நடுவுல தேவைப்படுற ஆற்றல் ஏறிக்கிட்டே போகும், மாண்டல்ஸ்டாம், டாம்னு ரெண்டு இயற்பியலாளர்கள் 1945லயே நேரத்துக்கும் ஆற்றலுக்கும் உள்ள அந்த எல்லையைப் போட்டுட்டாங்க. அணுக்களைப் பிடிச்சு வைக்கிற லேசரையும் காந்தத்தையும் இயக்குற செலவையும் சேர்த்துக் கணக்கு போட்டுட்டு அப்புறம் திறன் எவ்வளவுன்னு சொல்லுங்க.