நாலு பேர்

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில், கன்சங்கா பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். காங்கோ, தெற்கு சூடான், எரித்ரியா என்று பல நாட்டு அகதிகள் நெருங்கி வாழும் பக்கம் இது. கடைக்கு வரும் இருபது வயதுப் பையன்களில் ஒரு வகையை இப்போதெல்லாம் வாசலிலேயே அடையாளம் கண்டுவிடுகிறேன். முதலில் பனடால் என்கிற தலைவலி மாத்திரை கேட்பான். அடுத்து பற்பசை விலை கேட்பான். விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் நிற்பான். கடை காலியாகும் நொடிக்காகக் காத்திருக்கிறான். அதற்குள் யாராவது நுழைந்துவிட்டால் பனடாலோடு கிளம்பிவிடுவான். அவனுக்கு வேண்டியது என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும் எச்ஐவி சுயபரிசோதனைக் கிட்.

வந்த புதிதில் ஒரு பெண் அதை முணுமுணுப்பாகக் கேட்டாள். எனக்கு அப்போது சுவாஹிலி அரைகுறை. சரியாகக் கேட்டுக்கொண்டேனா என்று உறுதி செய்ய அதன் பெயரை உரக்கச் சொல்லித் தொலைத்தேன். பின்னால் நின்ற அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "இல்லை, இருமல் மருந்து" என்றாள் அந்தப் பெண். வாங்கிக்கொண்டு போனவள் அதன் பிறகு கடைப்பக்கம் வரவே இல்லை.

போன வாரம் ஊரிலிருந்து பேசிய நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். அப்புறமும் போகவில்லை என்றால் விழிப்புணர்வு போதவில்லை, அவ்வளவுதான்" என்றார். அவருக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த நோய் பற்றி உகாண்டாவில் பேசாத இடம் இல்லை. உடல் இளைத்துப்போவதால் ஆரம்ப நாட்களில் இதற்கு வைத்த 'ஸ்லிம்' என்ற பெயர்தான் லுகாண்டா மொழியில் 'சிலிமு' ஆகி இன்றும் புழங்குகிறது. 1989இல் பிலி லுடாயா என்ற புகழ்பெற்ற பாடகர் தனக்கு எய்ட்ஸ் என்று வெளிப்படையாக அறிவித்தார். அந்த அளவுக்குத் தெரிந்த முகம் எதுவும் அதற்கு முன் இந்த நாட்டில் அப்படிச் சொன்னதில்லை. பலர் அவரை நம்பக்கூட இல்லை, பணத்துக்காக நடிக்கிறார் என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் இறந்துபோனார். அவருடைய நாட்டில் இப்போது வந்து வாழும் பையன்களுக்கு நோய் எப்படிப் பரவும், மருந்து சாப்பிட்டால் எத்தனை காலம் வாழலாம் என்பதெல்லாம் ஓரளவு தெரியும். "எச்சிலில் பார்க்கிறீர்களே, அப்படியானால் முத்தத்தில் பரவுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பரவாது. ஈறிலிருந்து எடுக்கும் திரவத்தில் அந்தக் கிட் தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. இதை இரண்டு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். புரிந்த பிறகும் அவன் கிட் வாங்காமல் போகிறான் என்பதுதான் விஷயம்.

அறிக்கைகளில் இதைக் 'களங்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் எப்போதும் கொஞ்சம் மொழுமொழுவென்று தோன்றும். நம் ஊரில் சொல்வதுபோல் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதே பொருத்தம். நம்மிடம் அந்த நாலு பேருக்கு இன்னொரு வேலையும் உண்டு: செத்தால் தூக்கிப்போக நாலு பேர் வேண்டும். உள்ளூர்க்காரனுக்குப் பேசுகிற நாலு பேர் வேறு, தூக்குகிற நாலு பேர் வேறாக இருக்க வாய்ப்பிருக்கிறது. அகதிப் பையனுக்கு இரண்டும் ஒரே நாலு பேர்தான்.

எப்படி என்று சொல்கிறேன். உகாண்டாவின் 2006ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் தாராளமானது. வேலை பார்க்கலாம், நாட்டுக்குள் எங்கும் போய் வரலாம். ஆனால் நகிவாலே போன்ற குடியேற்றப் பகுதிகளில் கிடைக்கும் நிலமும் ரேஷனும் தலைநகரில் வந்து தங்குபவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. சொந்தக் காலில் நிற்க வேண்டும். அந்தக் காலை ஊன்ற இடம் கொடுப்பது அவனுடைய நாட்டுக்காரர்கள். போடா போடா ஓட்ட வண்டியை வாடகைக்குத் தருபவர் அவர்களில் ஒருவர். (மோட்டார் சைக்கிள் டாக்சிக்கு இங்கே அதுதான் பெயர். முதல் மாதம் ஓட்டுநர்கள் என்னைப் பார்த்து "போடா" என்று கூவும்போதெல்லாம் துணுக்குறுவேன்.) மாத வாடகை தவறினால் கைமாற்று தருபவர், ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி உதவி கேட்பவர், எல்லாரும் அதே வட்டம். "அவன் அந்தக் கிளினிக் வாசலில் நின்றான்" என்ற ஒரு வாக்கியம் அந்த வட்டத்தைச் சுற்றி வந்தால் அவனுக்கு வண்டி போய்விடும், கடன் நின்றுவிடும். பரிசோதனைக்குப் போகாதவனை அறியாமைக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கணக்குப் போடத் தெரிந்தவன்.

மொழி இன்னொரு முள். கிளினிக்கில் லுகாண்டாவும் ஆங்கிலமும்தான் ஓடும். காங்கோவிலிருந்து வந்தவனுக்கு சுவாஹிலியும் பிரெஞ்சும் தெரியும். மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். யார் வருவார்? அதே சபையில் பாடுகிற அண்ணன், அதே தெருவில் குடியிருக்கும் அக்கா. ரகசியம் காக்கப்படும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ரகசியத்தை அவன் முதலில் ஒப்படைக்க வேண்டியதே பக்கத்து வீட்டுக்காரரிடம்.

மூன்றாவது நாட்டில் குடியேறக் காத்திருப்பவர்களின் பயம் தனி. பரிசோதனை முடிவு கோப்பில் ஏறி, விமானம் கை நழுவிவிடுமா என்று மெல்லிய குரலில் கேட்பார்கள். இதை வெறும் வதந்தி என்று தள்ளவும் முடியாது. எச்ஐவி உள்ளவர்களுக்கு அமெரிக்காவே 2010 ஜனவரி வரை கதவைச் சாத்தி வைத்திருந்தது. சட்டம் மாறி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அந்தச் செய்தி இந்தச் சந்துகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

பெண்களுக்கு இன்னும் மோசம். கல்யாணமாகாத பெண் பரிசோதனைக்குப் போனாள் என்றாலே முடிவு வருவதற்கு முன் தீர்ப்பு வந்துவிடும். இல்லை என்று வந்த காகிதத்தைக் காட்டினாலும் "எதற்காகப் போனாய்?" என்ற கேள்வி அப்படியே நிற்கும். போர் நடந்த ஊரிலிருந்து வந்த சிலருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, யாரிடமும் சொல்லக்கூடிய பதில் அல்ல. இதற்கு மேல் நான் எழுதவில்லை.

இதற்கெல்லாம் தீர்வுதானே சுயபரிசோதனைக் கிட்? 2016இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்துவிட்டது. நானும் அப்படித்தான் நம்பினேன், ஒரு பையன் என்னிடம் "இதை எங்கே வைத்துச் செய்வது?" என்று கேட்கும் வரை. இங்கே ஏழைகள் வாடகைக்கு இருப்பது 'முசிகோ' என்கிற ஒற்றை அறை. ஐந்தாறு பேர் படுக்கிறார்கள். கழிவறை பொது. ஈறில் தடவிய குச்சியைக் குழாயில் நிறுத்தி இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும், நாற்பது நிமிடம் தாண்டினால் முடிவை நம்பக் கூடாது. யாரும் பார்க்காத இருபது நிமிடம் அவனுடைய நாளில் எங்கே இருக்கிறது? நோய் இருக்கிறது என்று இரண்டு கோடு காட்டினாலும் அதுவே முடிவல்ல, மறுபடி கிளினிக்கில் உறுதிசெய்ய வேண்டும். சுற்றிவந்து அதே வாசல், அதே மொழிபெயர்ப்பாளர்.

2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றபோது, தனியாக நடந்த எச்ஐவி கிளினிக்குகளைப் பொது வெளிநோயாளர் பிரிவோடு சேர்க்கச் சொன்னது இங்குள்ள சுகாதார அமைச்சகம். ஒரு வகையில் நல்லது என்றுதான் எனக்குப் பட்டது, 'அந்த' வாசல் இல்லாமல் போகிறதே என்று. ஆனால் நிதி போனபோது ஆலோசகர்களும் போனார்கள். வரிசை நீண்டது. நீண்ட வரிசையில் தெரிந்த முகம் ஒன்று இருக்கத்தான் செய்யும். பணம் திரும்ப வந்தால் எனக்கு முதலில் வேண்டியது சுவரொட்டி அல்ல. வேறு வட்டாரத்திலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளர்களும், கதவு தாழிடக்கூடிய சின்ன அறைகளும்.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். கிட்டுகளை என் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து, வெளிப்பக்கம் சோப்பும் சானிட்டரி நாப்கினும் இருக்கும் தட்டுக்கு மாற்றினேன். யாரையும் கேட்க வேண்டாம், எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளலாம். திருட்டுப் போகும் என்றார் முதலாளி. போகவும் செய்தது. சென்ற மாத இருப்புக் கணக்கில் மூன்று குறைந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். முறைத்தார், பிடித்துக்கொண்டார், தட்டை மட்டும் மாற்றச் சொல்லவில்லை.