புதுக்கோட்டைப் பக்கம் ஒருநாள் வண்டியைத் திருப்புங்கள்

நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல வந்தால் ஊட்டி, இல்லையென்றால் கொடைக்கானல். மலைப்பாதையில் முன்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படித்துவிட்டுத் திரும்பி வருவதற்குப் பெயர் சுற்றுலா. என்னைக் கேட்டால், திருச்சியிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய புதுக்கோட்டைச் சீமைக்கு ஈடு கிடையாது. நம்மில் பாதிப்பேர் மதுரைக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகிற அவசரத்தில் தாண்டிப் போகிற பூமி அது.

நாங்கள் போனது ஒரே கார். ஓட்டியது மச்சான், முன்சீட்டில் சித்தப்பா, மடியில் புளியோதரைத் தூக்குடன் சித்தி, ஜன்னலோரத்தில் நான். சோழர் படம் வந்த பிறகு வாட்ஸப்பில் சரித்திரப் பேராசிரியர் ஆனவர்களில் சித்தப்பாவும் ஒருவர்.

முதலில் நார்த்தாமலை. ஊரைத் தாண்டி மொட்டைப் பாறையில் ஏறினால் விஜயாலய சோழீச்சரம் என்ற சிவன் கோயில். 9ஆம் நூற்றாண்டுக் கற்றளி, அதாவது முழுக்கக் கல்லால் கட்டியது. சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் இருந்த எட்டுச் சின்னக் கோயில்களில் ஆறு மிச்சம். "பேரிலேயே இருக்கே, சோழ ராஜா விஜயாலயன் கட்டினதுதான்" என்றார் சித்தப்பா. அங்குள்ள கல்வெட்டோ சாத்தன் பூதி என்ற தலைவன் எடுப்பித்தது என்கிறது. மழையில் இடிந்துபோனதை மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்ததையும் சொல்கிறது. மச்சான் அதைப் போனில் தேடி எடுத்து உரக்கப் படித்ததும் சித்தப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்க ஆரம்பித்தார்.

எதிரே பாறையைக் குடைந்த விண்ணகரம், அதாவது பெருமாள் கோயில். சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு பெருமாள், எல்லாம் ஆளுயரம். அந்த நிழலில் சித்தி காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். கீழே கண்மாய், அதைத் தாண்டித் தைலமரக்காடு, நடுவில் செம்மண் பாதை. தஞ்சைப் பெரிய கோயிலில் இப்படி உட்கார முடியுமா? அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், பின்னால் வரும் கூட்டம் தள்ளும். இங்கே எங்களை நகரச் சொல்ல ஆளே இல்லை. நான் இந்தப் பக்கத்துக்கு வக்காலத்து வாங்குவதற்குக் காரணமே அதுதான்.

அப்புறம் சித்தன்னவாசல். ஏழடிப்பட்டம் என்ற மலைக்குகைக்குப் போகும் ஏற்றத்தில் மச்சானுக்கு மூச்சு வாங்கியது. குகைக்குள் சமணர்களின் கற்படுக்கைகள். வழவழவென்று இழைத்து, தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. ஒரு படுக்கையை ஒட்டித் தமிழின் பழைய வரிவடிவமான தமிழ் பிராமி எழுத்து, கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தையது. கீழே பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயில், அதன் விதானத்தில் ஓவியமாகத் தாமரைக்குளம். மீன், வாத்து, எருமை, யானை எல்லாம் ஒரே தண்ணீரில். நடுவே நின்று பூப்பறிக்கிறார்கள் சிலர். சாயம் நிறைய உதிர்ந்துவிட்டது. ஆனாலும் ஒரு தாமரைத் தண்டு வளைந்திருக்கும் பாங்கைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கருவறைக்குள் சித்தி மெல்ல "உம்" கொட்டினார். அறை முழுக்க ரீங்காரம். வீட்டில் சித்தப்பா பேசும்போது கொட்டுகிற அதே உம்தான், இங்கே மட்டும் தெய்வீகமாக இருந்தது.

குடுமியான்மலையில் அதிக நேரம் இல்லை. பாறையில் 7ஆம் நூற்றாண்டில் வெட்டிய இசைக் கல்வெட்டு. கதையெல்லாம் கிடையாது, வரிசை வரிசையாகச் சுரங்கள். எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்று கடைசியில் ஒரு தமிழ் வரி. பாட்டு வாத்தியார் சிலேட்டில் எழுதிப்போட்ட பாடம் போல இருந்தது எனக்கு.

கொடும்பாளூருக்கு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. இந்த ஊரை ஆண்ட பூதி விக்கிரமகேசரி தனக்கும் இரண்டு ராணிமாருக்குமாக எடுத்த மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டு விமானங்கள். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும்போது, இந்தக் கொடும்பையில் வழி சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையவர் எடுத்துச் சொல்வார். எங்கள் வண்டியிலும் அங்கேதான் பிரச்சினை. மணப்பாறைக்குப் போய் முறுக்கு வாங்கணும் என்றான் மச்சான். விராலிமலையில் மயில் பார்க்கணும் என்றார் சித்தி. அங்கே முருகனுக்குச் சுருட்டு படைப்பார்களாமே, அதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்றார் சித்தப்பா. போன் காட்டிய குறுக்குவழியோ எங்களை ஒரு கண்மாய்க்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா, "இந்தப் பாதை ஆட்டுக்குத்தேன், காருக்கு இல்ல" என்று சொல்லித் திருப்பிவிட்டார். கடைசியில் சித்தி பக்கம்தான் ஜெயித்தது.

குறை இல்லாமல் இல்லை. பெண்கள் ஒதுங்க நல்ல கழிப்பறை தேடி அலைய வேண்டியிருக்கிறது, சில திருப்பங்களில் பலகையே இல்லை. அதைச் சரிசெய்தால் போதும். பாறைமேல் டைல்ஸ் ஒட்டி, செல்ஃபி மேடை கட்டிவிடாதீர்கள், சாமி!

போகிறவர்கள் மார்கழி, தை பார்த்துப் போங்கள். சித்திரையில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. மலைமேல் கடை கிடையாது, தண்ணீரும் சோறும் கையோடு இருக்கட்டும். திருமயம் கோட்டையையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், அதற்கு இன்னொரு நாள் வையுங்கள்.