மார்மன் பொண்ணுங்கன்னா சண்டை மட்டும்தானா?
2024ல ஹுலுங்கற ஓடிடில வந்த 'தி சீக்ரெட் லைவ்ஸ் ஆஃப் மார்மன் வைவ்ஸ்' ஷோவ உங்க விமர்சனத்துல தைரியமானதுன்னு எழுதிருக்கீங்க, எனக்கு அப்படி தோணல. மார்மன்ங்கறது கிறிஸ்துவத்துலேர்ந்து வந்த ஒரு மதப்பிரிவு, அவங்க நெறைய இருக்கற அமெரிக்க மாநிலம் யூட்டால டிக்டாக்ல பேமஸான எட்டு பேரோட சண்டைய காட்டி இதான் மார்மன் வாழ்க்கைன்னு வித்துட்டாங்க, அவ்ளோதான். அவங்க மதத்துல காபி, டீ, சரக்கு எதுவும் கூடாதுங்கறதால கோக்ல தேங்கா சிரப்பும் க்ரீமும் ஊத்தி இம்மாம்பெரிய கப்ல குடிக்கறாங்க பாருங்க, அது ஒன்னுதான் ஊர் வாசனையோட இருந்துச்சு (குடிக்க ஆசையா வேற இருக்கு). 1842லேர்ந்து ரிலீஃப் சொசைட்டின்னு பொண்ணுங்க சங்கம் இருக்கு, பிள்ள பெத்தவ வீட்டுக்கு சமைச்சு கொண்டுபோவாங்க, அதெல்லாம் கேமராவுக்கு போர் போல. முன்னாடி ஒரு புருஷன், பல பொண்டாட்டின்னு இருந்த குடும்பத்த காட்டின 'சிஸ்டர் வைவ்ஸ்' ஷோவ பாத்துட்டு இவங்க எல்லாருமே பலதாரம்னு நம்புனவங்க எத்தன பேரு, ஆனா அந்த குடும்பம் தனியா பிரிஞ்ச குரூப்பு, மெயின் சர்ச் 1890லயே அத கைவிடறதா அறிவிச்சாச்சு. சர்ச்சும் ஒன்னும் லேசுப்பட்டதில்ல, பொண்ணுங்களுக்கு இன்னிக்கும் குருத்துவம் (சர்ச்ல சடங்கு நடத்தற குரு பதவி) கிடையாது, அத நல்லா தோண்டி கேட்டிருந்தா உக்காந்து பாத்திருப்பேன்.