ஓனர் காசுக்கு உனக்கு ஏன்யா வயிறு எரியுது

“தம்பி, எமோஷனலா பாக்காதீங்க. பேரோல் ஃப்ளெக்ஸிபிலிட்டின்னு ஒண்ணு இருக்குல்ல?”

எங்க பாஸ்டன் பேஸ்பால் டீம் ரெட் சாக்ஸ் நல்ல ஆளை விட்டா உடனே இப்படி ஒரு சமாதானம், ப்ளேயர் சம்பளத்துல கை இறுகாம இருக்கணுமாம். இருக்குண்ணே. நல்லா இருக்கு. அதை எடுத்து மொட்டை மாடில காய வெச்சு வடாம் பொரிச்சுத் தின்னுங்க.

போன சனிக்கிழமை எங்க ஊர் பொங்கல் விழா. ஸ்கூல் கேஃபடீரியா, வெளிய மூக்கு உறையிற குளிர், உள்ள பட்டு வேட்டிக்கு கீழ ஸ்னோ பூட்ஸ், வருஷா வருஷம் பாக்குற காட்சிதான். எங்க தேர்ட் பேஸ் ப்ளேயர் ப்ரெக்மன் சிகாகோ கப்ஸ் டீமுக்குப் போன கடுப்பு எனக்கு ஒரு வாரமாவே இறங்கல, சரி இன்னைக்காவது மறந்துட்டு நாலு வடை திங்கலாம்னு சாப்பாட்டு லைன்ல நிக்கிறேன், முன்னாடி திரும்புறாரு எக்ஸெல் அண்ணன். பேரு வேண்டாம், உங்க ஊர்லயும் ஒருத்தர் இருப்பாரு. ரெட் சாக்ஸ் யாரை வித்தாலும், யாரை விட்டாலும், “நல்ல டீல்தான் தம்பி”ன்னு சொல்றதுக்குன்னே ஆண்டவன் அனுப்பி வெச்ச ஆளு.

தப்பு என் பேர்லதான். நானா வாயைக் குடுத்தேன். “என்னண்ணே, ப்ரெக்மனும் போயிட்டான் பாத்தீங்களா”ன்னு துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டேன். அவ்ளோதான். எழவு வீட்ல போய் “விடுங்க, ஒரு ஆளு சாப்பாடு மிச்சம்”னு எவனாவது சொல்லுவானா? அண்ணன் சொன்னாரு. முகத்துல அப்படி ஒரு பிரகாசம். “அஞ்சு வருஷம், 175 மில்லியன், 31 வயசு ஆளுக்கு! கப்ஸ்காரன் தலையில துண்டைப் போட்டுக்குவான், நாம தப்பிச்சோம்.”

நாம. இந்த ‘நாம’ யாரு? எனக்கு அந்த 175ல பங்கு வந்துச்சா, உங்களுக்கு வந்துச்சா? டீமோட ஸ்டேடியம் ஃபென்வே பக்கத்துல ஒரு மேட்ச்சுக்கு கார் நிறுத்துற காசுல என் வீட்டுக்கு ஒரு மாசத்துக்கு பருப்பு வாங்கலாம், ப்ரெக்மன் போனதால அது ஒரு டாலராவது குறையப் போகுதா? டிக்கெட்? பீர்? தண்ணி பாட்டில்?

பொறுமையா கேட்டேன். சத்தியமா பொறுமையாத்தான். “சரிண்ணே, இந்த ப்ரெக்மனுக்காகத்தானே டெவர்ஸை தேர்ட் பேஸ்லேந்து எழுப்பி விட்டோம்?” உங்களுக்கே தெரியும், 2025 பிப்ரவரில மூணு வருஷம் 120 மில்லியன்னு ப்ரெக்மனைக் கூட்டிட்டு வந்தாங்க, தேர்ட் பேஸ்ல நின்ன நம்ம வீட்டுப் பையன் டெவர்ஸ்கிட்ட “நீ பேட்டிங் மட்டும் பண்ணு, ஃபீல்டிங் வேண்டாம்”னாங்க, அவன் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு அப்புறம் சரின்னான், மே மாசம் ஃபர்ஸ்ட் பேஸ் ஆடுற கேஸாஸ் முட்டி போச்சு, உடனே “இப்ப ஃபர்ஸ்ட் பேஸ் ஆடு”ன்னாங்க, அவன் முடியாதுன்னான், ஜூன்ல சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு வித்தாச்சு. சீசன் முடிஞ்சதும் ப்ரெக்மன் ஆப்ட் அவுட், அதாவது கான்ட்ராக்ட்டை பாதில முறிச்சுக்கிட்டான், ஜனவரில டாட்டா. மாப்பிள்ளைக்கு ரூம் வேணும்னு பெத்த பையனை வீட்டை விட்டு அனுப்பிட்டு, மாப்பிள்ளை ஒரே வருஷத்துல பெட்டியத் தூக்கிட்டு கெளம்பிட்டான். இப்ப ரூம் காலி. அதுக்கு இந்த மனுஷன் சொல்ற பதில், “ரூம் காலியா இருந்தா வாடகைக்கு விடலாம்ல” ரகம்.

“டெவர்ஸ் கான்ட்ராக்ட்ல 250 மில்லியனுக்கு மேல பாக்கி இருந்துச்சு தம்பி. மொத்தத்தையும் ஜயன்ட்ஸ் தலையில கட்டிட்டோம். மாஸ்டர் ஸ்ட்ரோக்.”

மாஸ்டர் ஸ்ட்ரோக். எனக்கு அன்னைக்கே ஸ்ட்ரோக் வந்திருக்கும்.

ஏன்னா அந்த ஜூன் 15 ஞாயித்துக்கிழமை, ஃபாதர்ஸ் டே, நான் ஃபென்வேலதான் இருந்தேன். காலைல எந்திரிச்சதும் பொண்ணு ஒரு பொட்டலத்தை நீட்டுறா, பிரிச்சா டெவர்ஸ் ஜெர்சி, 11ஆம் நம்பர். அவளே காசு சேத்து வெச்சு, மீதிக்கு அவங்கம்மாகிட்ட கெஞ்சி வாங்கினது. அதைப் போட்டுக்கிட்டு மேட்ச்சுக்குப் போனா நம்ம பிட்சர் பெல்லோ ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன் குடுக்கல, டெவர்ஸ் ஒரு ஹோம் ரன், ரெண்டுக்கு சைபர், நம்ம பரம எதிரி நியூயார்க் யாங்கீஸை மூணு மேட்ச்லயும் சுருட்டி அனுப்பியாச்சு. லான்ஸ்டவுன் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி, முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட எல்லாம் கை குடுத்துட்டு வீட்டுக்கு வந்து, ஜெர்சில தேங்கா சட்னி படக் கூடாதேன்னு குனிஞ்சு தோசை தின்னுட்டு இருக்கேன். ஃபோன் டொய்ங்குது. டெவர்ஸை வித்துட்டாங்களாம். யாரோ கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சேன். திரும்ப டொய்ங். டொய்ங் டொய்ங் டொய்ங். பொண்ணு எட்டிப் பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா கேக்குறா, “அப்பா, டேக் இருக்கு. ரிட்டர்ன் பண்ணலாமா?” சட்னி கண்ணுல பட்ட மாதிரி எரிஞ்சுது. மறுநாள் வாங்கின கடைக்கு ஃபோன் பண்ணேன், ஒரு தடவை போட்டா எடுக்க மாட்டோம், போடலன்னாலும் பேரு அடிச்சதை எடுக்க மாட்டோம்னுட்டான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். அன்னைக்கு அவனுக்கு நான் எத்தனாவது ஃபோனோ.

இதை எல்லாம் அண்ணன்கிட்ட சொல்றேன், லைன் நகரல, சக்கரைப் பொங்கல்ல நெய் வெள்ளையா உறையுது, அவரு ஃபோனை எடுத்து ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறக்குறாரு. பொய் இல்ல. கலர் கலரா. ஒவ்வொரு ப்ளேயருக்கும் ஒரு வரி. “2026க்கு டீம் சம்பளக் கோடு 244 மில்லியன், அதைத் தாண்டுனா லக்ஷுரி டாக்ஸ்”னு விரலால தேய்ச்சு தேய்ச்சு காட்டுறாரு. என்னமோ அந்த வரி நோட்டீஸ் அவரு வீட்டுக் கதவுல ஒட்டப் போற மாதிரி. அண்ணே, பேஸ்பால்ல சம்பளத்துக்கு உச்சவரம்பே கிடையாது. கோட்டைத் தாண்டுற காசுக்கு மட்டும்தான் வரி, அதுவும் முதல் தடவைன்னா 20 சதவீதம். ஊர் உலகத்துல பணக்காரனுக்கு வரி போடணும்னு நீங்கதானே போன தீபாவளிக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தீங்க? இந்த ஒரு பணக்காரன் மட்டும் உங்க சித்தப்பாவா?

“நீண்ட கான்ட்ராக்ட்டே விஷம் தம்பி, கடைசி வருஷங்கள்ல வேஸ்ட்டாயிரும்.” அப்படியா? சாண்டோவாலுக்கு 95 மில்லியன் குடுத்தப்ப இந்த எக்ஸெல் எங்க மேயப் போச்சு? அவன் டொரன்டோல பேட்டை ஒரு சுத்து சுத்தினதுக்கு பெல்ட்டே அறுந்துச்சு, உலகமே பாத்துச்சு. ரஸ்னி கஸ்டியோவுக்கு 72.5 மில்லியன் குடுத்து, வரிக் கணக்குல வரக் கூடாதுன்னு வருஷக் கணக்கா பாட்டக்கெட்ல, மைனர் லீக்னு கீழ்மட்ட டீம்ல ஒளிச்சு வெச்சது யாரு? சம்பளம் முழுசா குடுப்பானாம், ஆடுறதுக்கு மட்டும் கூப்பிட மாட்டானாம். கல்யாண வீட்ல சமையல்காரனுக்கு முழுக் கூலியும் குடுத்துட்டு “நீ திண்ணைல உக்காரு, கேஸ் மிச்சமாகும்”னு சொன்ன மாதிரி.

இதே வாய்தான் 2023 கடைசில பிட்சர் கிரிஸ் சேலை அட்லாண்டாவுக்கு அனுப்பினப்ப “அவன் ஒடம்பு அவ்ளோதான் தம்பி, முடிஞ்சுது”ன்னுச்சு. அனுப்பினது மட்டுமில்லாம வழிச்செலவுக்கு 17 மில்லியனும் கையில குடுத்து விட்டோம். அடுத்த வருஷமே அவன் 18 மேட்ச் ஜெயிச்சு, சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்டு வாங்கினான். பதிலுக்கு வந்த க்ரிஸம் அந்த வருஷம் பெரும்பாலும் காயத்துலயும் மைனர் லீக்லயும் கிடந்தான். சேலை அனுப்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் டீம் சேர்மன் டாம் வெர்னர் “ஃபுல் த்ராட்டில்”னு அறிக்கை விட்டாரு, ஞாபகம் இருக்கா? வண்டி நியூட்ரல்ல இருக்குறப்ப எவ்ளோ மிதிச்சா என்ன, சத்தம்தான் வரும்.

பெட்ஸ் பத்தி நான் பேசவே கூடாதுன்னு இருந்தேன். அண்ணன்தான் இழுத்தாரு. “பெட்ஸ் ட்ரேடும் அப்ப லாஜிக்கலான முடிவுதான்.” பக்கத்துல சாம்பார் அண்டா இருந்துச்சு, நான் பெரியவங்க வளத்த பையன், அதனால ஒண்ணும் பண்ணல. 2018ல 108 மேட்ச் ஜெயிச்சு கப்பு, அவன் எம்விபி, அதாவது லீக்லயே சிறந்த ஆளு, அவனை 27 வயசுல, 2020 பிப்ரவரில தூக்கி டாட்ஜர்ஸ்க்குக் குடுத்தாச்சு. அவங்க 12 வருஷம் 365 மில்லியன்னு கையெழுத்து வாங்கி 2020, 2024, 2025னு மூணு கப்பு எடுத்துட்டாங்க. நமக்கு வந்த மூணு பேருல வெர்டூகோ கடைசில யாங்கீஸ்க்கே போனான். இன்னொருத்தனுக்குப் பேரே ஜீட்டர். ஆமா, அந்த ஜீட்டர் ஞாபகமா வெச்ச பேருதான். யாங்கீஸ் சாமி பேரு வெச்ச பையனை வாங்கிட்டு பெட்ஸைக் குடுத்தவங்க நாம, அப்புறம் அவனையும் சும்மா விட்டுட்டோம். மிச்சம் வாங் ஒருத்தன். லாஜிக்காம்.

1919 கடைசில நம்ம ஸ்டார் பேப் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸ்க்கு வித்தப்பவும் பாஸ்டன் தெருவுல எவனோ ஒருத்தன் நின்னு “அவன் ஒழுங்கா இருக்க மாட்டான், காசு வந்துச்சுல்ல, நல்ல டீல்”னு சொல்லியிருப்பான். அந்த ஆவிதான் இப்ப நம்ம அண்ணனுக்குள்ள இருக்கு. 1918க்கு அப்புறம் அடுத்த கப்பு 2004. பேரோல் மட்டும் நல்லா இருந்திருக்கும்.

இதுக்குள்ள பின்னாடி நின்ன லிவர்பூல் ஜாக்கெட் பையன் ஒருத்தன் “அண்ணா, உங்க ரெட் சாக்ஸ் ஓனர் ஜான் ஹென்றி எங்க லிவர்பூலுக்கும் ஓனர்தான், ஆனா நல்லாத்தான் செலவு பண்றாரு”ன்னு சேந்துக்கிட்டான். தம்பி, உங்க ஃபுட்பால் ப்ளேயர் இசாக்கை வாங்க 125 மில்லியன் பவுண்டு. பவுண்டு! இங்க டாலர்ல கேட்டா வியர்க்குது, அங்க பவுண்டுல பறக்குது. பெரிய சம்சாரம் வீட்ல கேப்பைக்களி, சின்ன வீட்ல பிரியாணி. அந்தப் பையன்கிட்ட நான் ஏன் கத்தினேன்னு எனக்கே தெரியல, பாவம், கேசரி வாங்க வந்தவன்.

பரிமாறுற மாமி கரண்டியால அண்டாவைத் தட்டி, “சார், வெண்பொங்கல் ஆறுது, சண்டைய அந்தாண்ட வெச்சுக்குங்க”ன்னாங்க. வடை தீந்து போச்சு. எனக்கு முன்னாடி அண்ணனுக்கு ரெண்டு கெடச்சுது. கடைசி ரெண்டு. ஃப்ளெக்ஸிபிலிட்டி பேசின மனுஷன் அதுல ஒண்ணை எனக்கு ட்ரேட் பண்ணாரா? மாட்டாரே.

போற போக்குல ஒரு குத்து வேற. “டெவர்ஸ் இல்லாமயே ப்ளேஆஃப் போனோம்ல?” போனோம்ணே. 89 மேட்ச் ஜெயிச்சோம். போயி அதே யாங்கீஸ்கிட்ட மூணாவது மேட்ச்ல நாலுக்கு சைபர், நம்ம பாஸ்டன் பக்கத்து வால்போல்ல வளந்த ஷ்லிட்லர் எட்டு இன்னிங்ஸ் போட்டு 12 பேரை நிக்க வெச்சு அவுட்டாக்கினான். நம்ம தெருப் பையன் வந்து நம்மளையே அடிச்சான், நம்மகிட்ட திருப்பி அடிக்கிற டெவர்ஸ் அந்த சீசன்ல சான் பிரான்சிஸ்கோ போயி ஃபர்ஸ்ட் பேஸ் ஆடினான். ஆமா, ஃபர்ஸ்ட் பேஸ். இங்க கேட்டப்ப மாட்டேன்னவன் அங்க ஒரு மாசத்துல ஆரம்பிச்சுட்டான். அதுக்கு அவனையும் திட்டணும், திட்டுறேன், இன்னொரு நாள்.

ராத்திரி வீட்டுக்கு வந்தா பொண்ணு கேக்குறா, “அப்பா, பர்த்டேக்கு ரோமன் ஆன்டனி ஜெர்சி, 19ஆம் நம்பர்?” எட்டு வருஷம் 130 மில்லியன்னு கையெழுத்துப் போட்டிருக்கான், எங்கயும் போக மாட்டான்னு விளக்கம் வேற. என் அலமாரில தொங்குறது என்னன்னு சொல்றேன் கேளுங்க: பெட்ஸ் 50, போகார்ட்ஸ் 2, டெவர்ஸ் 11. மூணு பேரும் இப்ப இங்க இல்ல. இந்த வரிசைல நாலாவதா ஒரு சின்னப் பையனைக் கொண்டு வந்து மாட்ட எனக்கு மனசு வரல. பத்து வருஷம் 313.5 மில்லியன்னு கையெழுத்துப் போட்ட டெவர்ஸே ரெண்டரை வருஷம்தான் இருந்தான் கண்ணு. வேற என்ன வேணும் சொல்லு, சைக்கிள் வேணுமா? அவ அம்மா அடுப்படிலேந்து “ஜெர்சி வாங்காம இருக்குறதுதான் நீங்க டீமுக்கு பண்ற உதவி”ன்னா. அப்பதான் முதல் தடவை சிரிச்சேன். ரொம்ப நேரம் சிரிச்சேன், கொஞ்சம் பயந்துட்டாங்க.

சரி அது கெடக்கட்டும். இந்த ஸ்னோ ப்ளவ் ஓட்டுறவங்க கூட எனக்கு ஒரு பஞ்சாயத்து இருக்கு. நேத்து ஒரு மணி நேரம் முதுகு ஒடிய ட்ரைவ்வே முழுக்க வாரி சுத்தம் பண்ணி நிமிர்றேன், மஞ்ச லைட்டு சுத்திக்கிட்டு வண்டி வருது, ரோட்டுல இருந்த பனி மொத்தத்தையும் என் வாசல்ல முட்டி உயரத்துக்கு சுவரு மாதிரி தள்ளிட்டு, ஓட்டுறவன் எனக்கு டாட்டா வேற காட்டிட்டுப் போறான். தலையில ரெட் சாக்ஸ் தொப்பி.